முசுறு எறும்பைச் சாப்பிடுறது யாரு?

[காட்சி: மாமரக் கிளை. பச்சை இலைகளை ஒட்டிக் கட்டின பந்து மாதிரி ஒரு கூடு.]

மாங்காய் பறிக்க மரம் ஏறுறவங்களுக்கு முசுறை அறிமுகப்படுத்தவே வேண்டாம். இதுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால கவ்விப் பிடிச்சு, வயித்து நுனியை முன்னால வளைச்சு, கடிவாய் மேலயே ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். உயிர் போற எரிச்சல் அதனாலதான்.

[நெருக்கக் காட்சி: ஒரு வேலைக்கார எறும்பு]

செம்மஞ்சள் உடம்பு, நீளக் கால், கறுப்புக் கண்ணு. வெளியே வேட்டைக்கும் காவலுக்கும் வர்றது 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். அதுல பாதி அளவுள்ள சின்ன வேலைக்காரிங்க பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே குஞ்சுப் புழுக்களைக் கவனிக்கும். ஆஸ்திரேலியாவுல இதே இனத்துக்கு வயிறு பச்சையா இருக்கும்.

[காட்சி: வண்டை இழுக்கும் கூட்டம்]

முக்கிய இரை பூச்சிகள்தான். ஒரு வண்டு சிக்கினா, ஆளுக்கொரு காலைப் பிடிச்சு நாலு பக்கமும் இழுத்து அசையவிடாம பண்ணிடும். தென் சீனாவுல சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னாடியே, ஆரஞ்சு மரத்துப் பூச்சிகளை ஒழிக்க இதோட கூட்டை வாங்கிக் கட்டிவிட்டிருக்காங்க. ஆனா மாவுப்பூச்சி சுரக்கிற இனிப்புத் திரவமும் இதுக்கு உணவு. அதுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். விவசாயிக்கு அது நஷ்டம்தான்.

[நெருக்கக் காட்சி: இலை மேல் ஒரு சிலந்தி. மெதுவாகக் காட்டவும்.]

இது எறும்பு இல்லை, கால்களை எண்ணிப் பாருங்க, எட்டு! அமிசியா இன நண்டுச் சிலந்தி. அதே செம்மஞ்சள் நிறம். வயித்தோட பின்பக்கம் ரெண்டு கறுப்புப் புள்ளி, அசல் முசுறோட கண்ணு மாதிரி. முன்னங்கால் உணர்கொம்பா நடிக்கும். தனியா ஒரு எறும்பு பக்கத்துல வந்தா கடிச்சு, கூட்டம் வர்றதுக்குள்ள நூல்ல தொங்கிடும்.

லிபைரா பிராசோலிஸ்ங்கிற பட்டாம்பூச்சியோட புழு இன்னும் துணிச்சல். கூட்டுக்குள்ளேயே குடியிருந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்னும். முசுறு கடிச்சாலும் அதோட தட்டையான கெட்டித் தோல்ல பல் இறங்காது. பட்டாம்பூச்சியா வெளியே வரும்போது அந்தக் கவசம் இல்லை. அப்போ உடம்பு முழுக்க உதிரும் வெள்ளைச் செதில். கவ்வ வர்ற எறும்போட வாயிலயும் காலுலயும் அது ஒட்டிக்கும். எறும்பு தடுமாறுற நேரத்துல பூச்சி தப்பிச்சிடும். இயற்கையில நான் பார்த்து அசந்த ஏற்பாடுகள்ல இது ஒண்ணு.

[காட்சி: அம்மிக்கல்]

மனுஷங்களும் இந்தப் பட்டியல்ல உண்டு. ஒடிசாவோட மயூர்பஞ்ச்ல எறும்பையும் குஞ்சுகளையும் உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாய் சேர்த்து அரைக்கிறாங்க. புளிப்புக்குப் புளி வேண்டாம், அந்த அமிலமே போதும். 2024-ல அந்தச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.