பானையில் விழுந்த கொம்மட்டிக்காய்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, வந்து அமர்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

‘பெந்தெகொஸ்தே ஊழியரை உருவாக்குவது அபிஷேகமா, வேதப் படிப்பா?’ என்பது தலைப்பு. பரிசுத்த ஆவியின் வல்லமை ஒருவர்மேல் இறங்குவதைத்தான் அபிஷேகம் என்கிறோம்; அந்த அனுபவத்தை முதன்மையாக வைக்கிற கிறிஸ்தவச் சபைகள்தான் பெந்தெகொஸ்தே சபைகள். நான் படிப்பின் பக்கம். இந்தப் பக்கம் பேச வருகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அண்ணன் ‘அக்கினி’ என்று ஒரு வார்த்தை சொன்னாலே அரங்கம் அதிர்கிறது. நான் ‘எபிரெய இலக்கணம்’ என்று சொன்னால் யார் அல்லேலூயா சொல்லப் போகிறீர்கள்? பரவாயில்லை. கைத்தட்டல் அங்கே போகட்டும், தீர்ப்பு இங்கே வரட்டும்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று அம்புகளை விட்டார். ‘செமினரிக்குப் போனவன் செமிட்ரிக்குப் போனவன்’ என்றார், அதாவது வேதக் கல்லூரிக்குப் போனவன் கல்லறைக்குப் போனவன். ‘எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது’ என்று இரண்டு கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டினார். கடைசியில் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று முடித்தார்.

முதல் அம்பு ஒரு சிலேடை. அதற்குப் பதில் தேவையில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவதுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அண்ணன் ஆறாம் வசனத்தோடு நிறுத்தாமல் ஏழாம் வசனத்தையும் வாசித்திருக்கலாம். கற்களில் பதிந்த எழுத்து என்று பவுல் அங்கேயே சொல்லிவிடுகிறார். மோசேயின் கற்பலகைகளைப் பற்றிய பேச்சு அது. கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் பற்றியது இல்லை. எழுத்து கொல்லும் என்பதையே எழுத்தில்தானே ஐயா பவுல் எழுதி அனுப்பினார்?

மூன்றாவது அம்புதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் பைபிளிலேயே ஒரு சுரைக்காய்க் கதை இருக்கிறது. இரண்டு இராஜாக்கள் நான்காம் அதிகாரம். தேசத்தில் பஞ்சம். தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது அவர்களிடம் பயின்ற மாணவர்கள், எலிசா தீர்க்கதரிசிக்கு முன்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். கவனியுங்கள், எலியாவின் ஆவியில் இரட்டிப்பான பங்கைக் கேட்டு வாங்கிய மனுஷர் இந்த எலிசா. அபிஷேகத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் முன்னால் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் ‘இந்த இடம் எங்களுக்கு நெருக்கமாயிருக்கிறது’ என்று சொல்லி, யோர்தானுக்குப் போய் மரம் வெட்டிக் கட்டடத்தைப் பெரிதாக்கவே கிளம்புகிறார்கள். அட்மிஷன் அவ்வளவு!

சரி, கதைக்கு வருகிறேன். கூழ் காய்ச்ச அடுப்பில் பெரிய பானை ஏறுகிறது. ஒரு மாணவன் கீரை பறிக்க வெளியே போகிறான். ஒரு கொடி கண்ணில் படுகிறது. பேய்க்கொம்மட்டி, சுரைக்காய்க்குச் சொந்தக்காரக் காட்டுக்கொடி. காயைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மடிநிறைய அறுத்துக்கொண்டு வந்து, அரிந்து, பானையில் போடுகிறான். அது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாதிருந்தது என்று எழுதியிருக்கிறது. எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள். வாயில் வைத்ததும் ‘தேவனுடைய மனுஷனே, பானையில் சாவு இருக்கிறது’ என்று கத்துகிறார்கள்.

அந்தப் பையன் கெட்டவனா? இல்லை. சோம்பேறியா? அவன்தான் வெயிலில் போனவன். வைராக்கியம் குறைவா? மடிநிறைய அறுத்தவன் ஐயா அவன்! அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. காயைப் பார்த்து இன்னது என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பறித்தவன் ஒருவன், உட்கார்ந்தது ஒரு பந்தி. ஊழியனின் அறியாமை ஊழியனோடு நிற்பதில்லை, சபையின் இலையில் போய் விழுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது சுரை, எது பேய்க்கொம்மட்டி என்று யாரோ ஒருவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டுமே?

இது பழைய காலத்துக் கதை என்று எதிரணி சொல்லலாம். போன நூற்றாண்டுக்கு வருவோம். மாற்கு 16:18-இல் ‘சர்ப்பங்களை எடுப்பார்கள்’ என்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹென்ஸ்லி என்ற பிரசங்கியார் இதை ஆராதனையில் பாம்பைக் கையில் பிடிக்கச் சொன்ன கட்டளையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பழக்கத்தைப் பல சபைகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அவர். 1955-இல் பாம்பு கடித்தே இறந்துபோனார். அவருடைய விசுவாசத்தில் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒரு வசனத்தை அதன் கூட்டாளிகளோடு வைத்துப் படிக்கிற பழக்கம் இருந்திருந்தால், அப்போஸ்தலர் 28 ஞாபகத்துக்கு வந்திருக்கும். மெலித்தா தீவில் பவுல் விறகு பொறுக்கினார். பாம்பு தானாக வந்து கவ்வியது. அதைத் தீயில் உதறிவிட்டார். அவர் பாம்பைத் தேடிப் போகவில்லை ஐயா, சுள்ளியைத்தான் தேடிப் போனார்!

அடுத்தவர் கதை எதற்கு, என் கதையையே சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. அடுத்த நாள் சபையில் செய்தி கொடுக்க வேண்டும். ஒன்றும் தயாரிக்கவில்லை. ‘உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்’ என்ற சங்கீதம் 81:10-ஐப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். வாயைத் திறந்தேன். நாற்பது நிமிஷம் மூடவில்லை. முடிந்ததும் ஒரு வயதான அம்மா பைபிளைத் திறந்தபடியே வந்தார். பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சில் கோடு. பதினாறாம் வசனத்தில் விரலை வைத்து, “தம்பி, கீழே கோதுமை, தேன் என்று போட்டிருக்கிறதே, இது சாப்பாட்டைச் சொல்லவில்லையா?” என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். சாப்பாடுதான். எகிப்திலிருந்து கொண்டுவந்த ஜனத்துக்கு ஊட்டுவேன் என்கிறார் கர்த்தர். தயாரிக்காத பிரசங்கியாருக்குப் பாயிண்ட் எடுத்துத் தருவேன் என்று அங்கே சொல்லவில்லை. அன்றைக்கு என் வாயில் நிரம்பியது காற்று. அந்த அம்மாவிடம் கல்லூரிப் பட்டம் இல்லை, ஆனால் படிப்பு இருந்தது. அதற்காகத்தான் நான் வாதாடுகிறேன், நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: ‘பெந்தெகொஸ்தே எழுப்புதல் பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை, ஜெபத்தில் பிறந்தது.’ ஐயா, நம் எழுப்புதலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது உண்மையிலேயே ஒரு வேதாகமப் பள்ளியில் பிறந்தது! அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம், டொபீகா நகரம், 1900-ஆம் வருஷக் கடைசி. சார்ல்ஸ் பார்ஹாம் நடத்திய பெத்தேல் வேதாகமப் பள்ளி, சுமார் 40 பேர். ஆவியின் அபிஷேகத்துக்கு வேதம் சொல்லும் அடையாளம் என்ன என்று தேடச் சொல்லிவிட்டுப் போனதாக பார்ஹாமே சாட்சி சொல்லியிருக்கிறார். வீட்டுப்பாடம் ஐயா! அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டியவர்கள் பிறகு ஜெபத்தில் உட்கார்ந்தார்கள். 1901 ஜனவரி முதல் தேதி ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்காத மொழியில், பேசினார். ஜெபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னது திறந்திருந்த புத்தகம். ‘அங்கே பாடப்புத்தகம் பைபிள் மட்டும்தானே’ என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம். முதலில் அதைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

அப்புறம் வில்லியம் சீமோர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகன், ஒரு கண்ணில் பார்வை இல்லை. 1906 தொடக்கத்தில் பார்ஹாம் ஹூஸ்டனில் வகுப்பு நடத்துகிறார். நிறப் பிரிவினைக் காலம் அது, கறுப்பர் உள்ளே உட்காரக் கூடாது. சீமோர் வெளியே நடையில் உட்கார்ந்து, கொஞ்சம் திறந்து வைத்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸில், அசூசா தெருவில் அவர் நடத்திய கூட்டங்களில் எழுப்புதல் தீ பற்றிக்கொண்டது. கதவிடுக்கில் காது வைத்துக் கற்ற மனுஷரின் பேரைச் சொல்லிக்கொண்டு, திறந்த வகுப்பறைக்குள் போக மாட்டேன் என்கிறோமே!

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நடுவர் எனக்கு மார்க் குறைத்தாலும் சரி. அதே டொபீகா வகுப்பறையில் ஒரு தப்பும் பிறந்தது. அந்நியபாஷை என்பது வேறு தேசத்து மொழி, இனி மிஷனரிகள் மொழி படிக்க வேண்டியதில்லை என்று பார்ஹாம் போதித்தார். அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் அதை நம்பிக் கப்பலேறிக் கல்கத்தா வந்தார். பேசினார், அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்நியபாஷையை விடவில்லை, ஊழியத்தையும் விடவில்லை. ஹாங்காங் போய்ச் சீன மொழியைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அரைகுறைப் படிப்புக்கு மருந்து இன்னும் கொஞ்சம் படிப்புதான், படிப்பை விடுவது இல்லை.

பேதுரு படிக்கவில்லையே என்பது எதிரணியின் பிரம்மாஸ்திரம். அப்போஸ்தலர் 4:13-இல் படிப்பறியாதவர்கள் என்று இருக்கிறதே என்பார்கள். அப்படி அவர்களை எடை போட்டது யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்து ஆட்கள். வசனத்தை முடிவு வரை வாசித்தால், இவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்று அதே ஆட்கள் கண்டுகொள்கிறார்கள். போதகர் இயேசு, கூடவே தங்கிப் படிப்பு, இரவும் பகலும். ஆவி அக்கினி நாவுகளாக இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் அந்தப் பேதுரு செய்த பிரசங்கத்தைப் பிரித்துப் பாருங்கள். யோவேல் இரண்டாம் அதிகாரம், சங்கீதம் 16, சங்கீதம் 110. அக்கினி நாவு இறங்கிய தலையில் அதற்கு முன்பே வேதம் ஏறியிருந்தது.

படித்தவர்களில் காய்ந்துபோனவர்கள் உண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய அன்றே முழங்காலை நிமிர்த்தியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். ‘படிப்பு வேண்டாம்’ என்று பிரசங்கிக்கிற எத்தனையோ பேர், போஸ்டரில் தங்கள் பேருக்கு முன்னால் ‘டாக்டர்’ வேண்டாம் என்று சொல்வதில்லை!

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயாவிடம் ஒரே விண்ணப்பம். அடுத்து எதிரணியிலிருந்து ஒரு தம்பி பேச வருகிறார், ‘தயாரிப்பு வேண்டாம், ஆவியானவர் பார்த்துக்கொள்வார்’ என்பதற்காக. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அவர் மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். இப்போது பின்பக்கமும் நிரம்பிவிட்டது. மேடையேறும் முன் அந்தத் தாளை மட்டும் நடுவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.