பேண்டின் இசைத்தாள் கட்டிலிருந்து காணாமல்போன பார்ட்

நேயர்களுக்கு வணக்கம். நம் செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிற பேண்டு செட்காரர்கள் பலர் காதால் கேட்டே பாட்டைப் பிடித்துவிடுவார்கள். தாளைப் பார்த்து வாசிக்கும் பள்ளி, கல்லூரி பேண்டுகளுக்குத்தான் இந்தச் சங்கடம். குடியரசு தினத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பீரோவைத் திறந்தால் இசைத்தாள் கட்டுக்குள் ஹார்ன் பார்ட், அதாவது ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியக்காரர் வாசிக்க வேண்டிய தாள், இருக்காது. இராமபாணப் பூச்சி தின்றிருக்கும், இல்லையென்றால் அணிவகுப்பில் வாத்தியத்தில் தாளைப் பிடிக்கும் கவ்வியிலிருந்து நழுவியிருக்கும். மார்ச் என்கிற அணிவகுப்பு இசையின் பழைய தாள் ஏறக்குறைய 5க்கு 7 அங்குலம்தானே, விழுந்தால் யாருக்குத் தெரியும்?

தேடப் போவதற்கு முன்னால் எண்ணுங்கள். பட்டாலையில் பாய் விரித்த மாதிரி எல்லாத் தாளையும் பரப்புங்கள். எல்லா வாத்தியத்தின் வரியும் ஒன்றாக அச்சான ஸ்கோரின் முன்பக்கத்தில் எந்த வாத்தியத்துக்கு எத்தனை தாள் என்ற பட்டியல் இருந்தால் அதோடு ஒத்துப்பாருங்கள். காணோம் என்பதில் பாதி, காணாமல் போனதே இல்லை. மூன்றாவது ஹார்னும் நான்காவது ஹார்னும் ஒரே தாளில் அச்சாகியிருக்கலாம். கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்ட வரியின் தொடக்கத்தில் போடும் குறி. யூபோனியம் என்ற பித்தளை வாத்தியத்துக்கு ட்ரெபிள் கிளெஃபில் ஒன்று, பேஸ் கிளெஃபில் ஒன்று என்று இரண்டு தாள் வரும்; சங்கதி ஒன்றுதான்.

நிஜமாகவே இல்லையென்றால், வெளியீட்டாளரிடமோ வேறொரு பேண்டிடமோ கேட்கலாம். ‘கிளாரினெட் பார்ட் வேணும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பாட்டின் பெயர், அதைப் பேண்டுக்கு அமைத்துக்கொடுத்த அரேஞ்சர், வெளியீட்டாளர், பக்கத்தின் அடியில் இருக்கும் எண், எத்தனையாவது கிளாரினெட், எந்தச் சுருதி, எந்த கிளெஃப், எல்லாம் எழுதுங்கள். ஒரே மார்ச்சுக்குப் பல அரேஞ்சர்கள் உண்டு. வந்த தாளின் கடைசி பாரின், அதாவது தாளக் கட்டத்தின், எண் உங்கள் கட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அது வேறு பதிப்பு.

சுருதி என்றேனே, அங்கேதான் அதிகம் சறுக்குவது. பழைய மார்ச்சுகளில் ஹார்ன் பார்ட் ஈ பிளாட் சுருதி ஹார்னுக்கு எழுதியிருக்கும். இப்போது கையில் இருப்பது எஃப் சுருதி ஹார்ன். அந்தத் தாளை அப்படியே வாசித்தால் ஹார்ன் மட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே நிற்கும். ஒவ்வொரு நோட்டையும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கி எழுதுங்கள். ஷார்ப் குறி அரை ஸ்வரம் ஏற்றும், பிளாட் குறி அரை ஸ்வரம் இறக்கும்; வரியின் தொடக்கத்தில் இவை நிற்கும் இடமான கீ சிக்னேச்சரில் இரண்டு பிளாட் கூடும். ஒரு பிளாட் ஒரு ஷார்ப்பை அழித்துவிடும் என்பதால், ஒரு ஷார்ப் இருந்த தாள் ஒரு பிளாட் ஆகிவிடும். மறுபடியும் சொல்கிறேன், கீழே.

பாரிடோன் சாக்ஸபோன் பார்ட் இல்லையா? பேஸ் கிளெஃபில் இருக்கும் ட்யூபா பார்ட்டை எடுத்து, அது ட்ரெபிள் கிளெஃப் என்று பாவித்து, மூன்று ஷார்ப் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பிளாட் ஒரு ஷார்ப் ஆகும். நடுவில் நோட்டுக்கு முன்னால் தனியாக வரும் ஷார்ப், பிளாட், இரண்டையும் நீக்கும் நேச்சுரல் ஆகிய குறிகளில் மட்டும் கவனம்: அப்படிப் படிக்கும்போது ஜி, சி, எஃப் இடங்களில் வருகிற நேச்சுரலை ஷார்ப்பாகவும், பிளாட்டை நேச்சுரலாகவும் எடுக்க வேண்டும்.

மற்றவர்களின் தாளில் பொடி எழுத்தில் இருக்கும் க்யூ நோட்டுகளையும் பாருங்கள். வராதவருடைய முக்கிய வரியை மற்றவர் வாசிக்கத்தான் அவற்றை அச்சிடுகிறார்கள். பாஸூன் என்ற ஊதுவாத்தியத்தின் வரி பல நேரம் யூபோனியத்தில் இப்படிக் கிடைக்கும்.

அடுத்து ஜெராக்ஸ். அமெரிக்க பேண்டு இசைத்தாள் பெரும்பாலும் 9க்கு 12 அங்குலம், நம்முடைய ஏ4 அதைவிடச் சின்னது. அப்படியே எடுத்தால் ஓரம் வெட்டுப்படும். இடது ஓரத்தில் போவது கீ சிக்னேச்சர்! 91 சதவீதத்துக்குச் சுருக்கி எடுங்கள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டிவிட்டார்கள். காப்புரிமை பற்றி இரண்டே வரி: இந்தியச் சட்டத்தில் இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, அரேஞ்ச்மெண்டுக்குத் தனிக் கணக்கு. 1932இல் மறைந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசாவின் மார்ச்சுகளை, பார்ட்டுகளோடு, அமெரிக்க மரைன் பேண்டே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வணக்கம்.