பார்மட் போட்டும் தீராத கோளாறு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவருகிறேன். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "பார்மட் போட்டுக் கொடுங்க சார்" என்பதுதான். டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆடி முடிந்து கல்யாண ஆர்டர்கள் குவியத் தொடங்கிய சமயத்தில், திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒருவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான்கு மாதத்தில் ஏற்கெனவே நான்கு முறை பார்மட் போட்டாகிவிட்டது. விண்டோஸ் போட்டால் பத்து நாள் ஓடும், அப்புறம் மெஷின் முடங்கி நீலத்திரை வந்துவிடும். விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேனை ஓட்டினால், சிதைந்த கோப்புகளைச் சரிசெய்தாகிவிட்டது என்று சொல்லும். மறுநாள் ஓட்டினால் வேறு கோப்புகள் சிதைந்திருக்கும். "வைரஸா சார்?" என்று கேட்டார். ஆன்டிவைரஸுக்கும் பணம் கட்டியிருந்தார், பாவம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு என்பதைக் கவனியுங்கள். கரண்ட் போன நேரத்தில் ஒரு கோப்பு கெடுவது சகஜம், அதைச் சரிசெய்தால் முடிந்தது. ஆனால் புதிதாகப் போட்ட விண்டோஸிலும் இடம் மாறி மாறிக் கெடுகிறது என்றால், கோளாறு மென்பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு. நான் முதலில் சந்தேகப்படுவது ரேமை, அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தைத்தான்.

8 ஜிபி ரேமில் 6,870 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 வைக்கும் இடங்கள், இருக்கின்றன. அதில் ஒரே ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும்? எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'க' என்ற எழுத்தின் எண் 2965. அதன் கடைசி பிட் 1. அது 0 ஆகிவிட்டால் எண் 2964, அதாவது 'ஔ'. 'கல்யாணம்' என்று அடித்தது 'ஔல்யாணம்' என்று சேமிக்கப்படும். கல்யாணப் பத்திரிகையில் இது நடந்தால் கண்ணில் படும். விண்டோஸ் கோப்புக்குள் நடந்தால் யார் கண்ணிலும் படாது, ஒரு நாள் திடீரென்று மெஷின் எழும்பாது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரேமைச் சோதிக்காமல் எஸ்எஃப்சி, அதைப் போலவே விண்டோஸைப் பழுது பார்க்கும் டிஸ்ம் என எதையும் ஓட்டாதீர்கள். பழுது பார்ப்பதற்கான நல்ல பிரதியும் அதே ரேம் வழியாகத்தான் போக வேண்டும். கலங்கிய தண்ணீரில் துணி அலசுவது போலத்தான் அது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் ரேமைவிடப் பெரிய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வீடியோ போதும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, நாலைந்து முறை எடுங்கள். கோப்பைத் தொடாதவரை ஒவ்வொரு முறையும் அதே மதிப்பு வர வேண்டும். ஒரு முறை மாறினாலும், படிக்கும் வழியில் எங்கோ பிசகு. மாறவில்லை என்பதற்காக ரேம் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில் எக்ஸ்எம்பி என்ற வசதியைப் போட்டு ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால், அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு ரேம் குச்சியாகக் கழற்றி, தனித்தனியாகப் பாருங்கள்.

கழற்றும்போது குச்சியின் அடியில் இருக்கும் தங்கப்பூச்சுப் பல்லைப் பாருங்கள். ராயபுரம், பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டிய இடங்களிலிருந்து வரும் மெஷின்களில் அங்கே மங்கலாகப் படலம் பிடித்திருப்பதை நிறையப் பார்க்கிறேன், உப்புக்காற்றுதான் காரணம். வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைத்துப் போட்டதும் சரியான மெஷின்கள் உண்டு. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரும்பு எதையாவது தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ரேம் சரி என்றால் அடுத்தது டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 என்ற வரிகளில் எண் ஏறினால் ஹார்டு டிஸ்க் போகப் போகிறது. சி7 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. குறித்து வைத்துக்கொண்டு, மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ரேம், டிஸ்க் இரண்டிலும் குறையில்லை என்றால், அடுத்தது மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. மே மாதம் தெருவில் எல்லா ஏசியும் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது, பழைய எஸ்எம்பிஎஸ் தள்ளாடும். போர்டில் சிறு உருளை போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேக்கப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்த மெஷினிலேயே பேக்கப் எடுத்தால், பிரதியும் கெட்டுப்போகலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி எடுங்கள். பழைய பேக்கப்பின் மேல் எழுதவே எழுதாதீர்கள்.

அந்த டிடிபிக்காரரின் இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று இருபது நிமிடத்தில் பிழை காட்டியது. அந்தத் திரையை அவர் போனில் படம் பிடித்துக்கொண்டார், வாரண்டிக்குக் காட்ட அது உதவியது. ரேமை மாற்றிய பிறகு ஐந்தாவது முறையாக பார்மட் போட்டோம். ஏற்கெனவே கெட்ட கோப்புகள் தானாகத் திருந்தாது அல்லவா? அந்த நான்கு மாதத்தில் சேமித்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு திறக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்பது நாளில் முகூர்த்தம். அச்சடித்த புரூஃப் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கடையிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து டைப் செய்தார்.

வணக்கம்.