கண் சிவந்தால் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

வணக்கம் நேயர்களே. கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாருக்காவது கண் சிவந்தால் வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும், மெட்ராஸ் ஐ என்று. ஒரு கருப்புக் கண்ணாடி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, சில வீடுகளில் நந்தியாவட்டைப் பூச்சாறு. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பதால் இந்த வைத்தியங்களுக்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் பீளை இல்லை, காலையில் இமை ஒட்டவில்லை, ஒரு கண்ணில் மட்டும் கருவிழியைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, வெளிச்சம் பட்டால் கூசி வலிக்கிறது, பார்வையும் மங்குகிறது என்றால், கண்ணுக்கு உள்ளே அழற்சி இருக்கலாம். கண் மருத்துவர்கள் நாங்கள் அதை யூவியைட்டிஸ் என்போம். அது கண்ணின் பின்பகுதியில் வந்தால் சிவப்பும் வலியும் இல்லாமலே போகலாம்; கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கும், பார்வை மங்கும், அவ்வளவுதான்.

டார்ச் அடித்துப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஸ்லிட் லாம்ப் என்கிற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் விடுவோம். ஓட்டு இடுக்கு வழியே விழுகிற வெயிலில் தூசி மிதக்குமே, அப்படிக் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீரில் வெள்ளை அணுக்கள் மிதப்பது தெரியும். அப்புறம் பாவையை, அதாவது கண்ணின் நடுவே கருப்பாகத் தெரியும் துளையை, விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையையும் பார்ப்போம்.

கண்ணைக் காட்ட வந்தால் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலர் முறைப்பார்கள். காலையில் எழும்போது முதுகு இறுகிப்போகும் இளைஞர்களுக்கு இந்த அழற்சி திரும்பத் திரும்ப வருவதுண்டு. காசநோய், அக்கி, சிஃபிலிஸ் என்று வேறு காரணங்களும் உண்டு, எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாதவர்களும் நிறையப் பேர். நம்ம பக்கம் மறக்கக் கூடாதது, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல். 1993 மழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரையில் கண் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைக் கூட்டமாகப் பார்த்தார்கள். காய்ச்சல் போய் வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் கண்ணில் தெரியும், அதனால் நோயாளிக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. நடவுச் சேற்றிலோ வெள்ளத்திலோ வெறுங்காலோடு நின்று அதன் பின் காய்ச்சல் கண்டிருந்தால், நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான். முதலில் மணிக்கொரு தரம்கூட விட வேண்டிவரும், பிறகு படிப்படியாகக் குறைப்போம். கூடவே பாவையை விரிக்கும் மருந்தும் தருவோம். அது வலியைக் குறைக்கும், பாவையின் ஓரம் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கும். கிட்டத்தில் படிக்க முடியவில்லையே என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள், அது அந்த மருந்தின் வேலை, நிறுத்தாதீர்கள். கிருமியால் வந்ததென்றால் அந்தக் கிருமிக்கும் மருந்து வேண்டும், வெறும் ஸ்டீராய்டு நிலைமையைக் கெடுத்துவிடும். அடிக்கடி திரும்புகிறவர்களுக்கும் பின்பகுதியில் வந்தவர்களுக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாதிரி மாத்திரைகள், தேவைப்பட்டால் ஊசி. ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் கண்ணழுத்தம் ஏறும், புரை விழும். பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்குவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

ஒன்று விட்டுப்போச்சு. மூட்டு வீங்குகிற குழந்தைகளுக்கு இந்த அழற்சி சத்தமே இல்லாமல் வரும். கண் வெள்ளை வெளேரென்று இருந்தாலும், குழந்தை ஒன்றும் சொல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்கிற இடைவெளியில் அழைத்து வாருங்கள். வணக்கம்.