தொண்ணூறு குழாய்களின் கணக்கு

அன்பர்களே, ஜப்பானின் கொங்கோ வகை நாசகாரிக் கப்பல்கள் என்றதுமே எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை ஏவுகணை தாங்கும்?" என்றுதான். ஏவுகணைகளைச் செங்குத்தாக வைத்து ஏவும் 90 குழாய்கள். முன்தளத்தில் 29, பின்தளத்தில் 61.

அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டுக் குழாய்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. முன்னே நான்கு தொகுதி, பின்னே எட்டு. அப்படியானால் 32, 64 என்றல்லவா வரவேண்டும்? இரண்டு பக்கமும் மும்மூன்று குழாய்களின் இடத்தில் மடக்குக் கிரேன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நடுக்கடலிலேயே ஏவுகணை நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்து வைத்தது. ஆனால் அலையில் ஆடும் கப்பலில், ஐந்தாறு மீட்டர் நீளப் பெட்டியைச் செங்குத்தாகத் தூக்கி, குழாயின் வாய்க்கு நேராகப் பிடித்து இறக்குவது ஆபத்தான வேலை. கனமான ஏவுகணைகளைத் தூக்க அந்தக் கிரேனுக்கு வலுவும் போதாது. அதனால்தான் அடுத்து வந்த அட்டாகோ வகையில் கிரேனே இல்லை, முழுசாக 96 குழாய்கள்.

கொங்கோ, கிரிஷிமா, மியோகோ, சோகாய் என நான்கு கப்பல்கள். நான்கும் மலைப் பெயர்கள். 1993 முதல் 1998 வரை கடற்படையில் சேர்ந்தவை. நீளம் 161 மீட்டர், முழுச் சுமையில் சுமார் 9,500 டன், நான்கு எரிவாயுச் சுழலிகள், 30 நாட் (மணிக்குச் சுமார் 56 கி.மீ.) வேகம். அமெரிக்காவுக்கு வெளியே, ரேடாரையும் கணினியையும் ஏவுகணைகளையும் ஒன்றிணைக்கும் ஏஜிஸ் என்ற போர் அமைப்பைச் சுமந்த முதல் கப்பல்கள் இவைதாம்.

என் கருத்தில், குழாய்களை எண்ணுவதைவிட முக்கியம் ஒளியூட்டும் ரேடார்களை எண்ணுவது. அவை மூன்றே: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. விமானங்களைத் தாக்கும் எஸ்எம்-2 ஏவுகணை, கப்பல் அனுப்பும் திருத்தங்களைக் கேட்டுக்கொண்டே பறக்கிறது. கடைசிச் சில விநாடிகளில் மட்டும் இந்த ரேடார் இலக்கின்மீது அலை வீச வேண்டும். அங்கிருந்து எதிரொலிப்பதைப் பிடித்துத்தான் ஏவுகணை பாயும். வானில் பல ஏவுகணைகள் பறக்கலாம். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில், ஒரே சமயத்தில் மூன்று இலக்குகள்தாம். முறைவைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பது கணினியின் வேலை.

1998 ஆகஸ்டில் வடகொரிய ராக்கெட் ஜப்பானைத் தாண்டிப் பறந்தபோது மியோகோ அதைத் தொடர்ந்து கவனித்தது; தடுக்கக் கையில் ஒன்றுமில்லை. அதன் பிறகே, பாய்ந்து வரும் ஏவுகணையை விண்வெளியிலேயே மோதி உடைக்கும் எஸ்எம்-3 நான்கு கப்பல்களிலும் ஏறியது. 2007 டிசம்பரில் ஹவாய் அருகே நடந்த சோதனையில், சுமார் 160 கி.மீ. உயரத்தில் கொங்கோவின் ஏவுகணை இலக்கை நேருக்கு நேர் மோதி உடைத்தது. மறுவருடம் சோகாய் ஏவியது கடைசி நொடிகளில் இலக்கைத் தவறவிட்டது. 2009இல் மியோகோவும் 2010இல் கிரிஷிமாவும் வென்றன.

இதற்கும் ஒரு விலை உண்டு. எஸ்எம்-3 ஏற ஏற, அந்தக் குழாய்களில் எஸ்எம்-2 குறைகிறது. விண்வெளி விளிம்பில் ஒரு புள்ளியைத் துரத்த ரேடார் தன் சக்தியைக் குவிக்கும்போது, தாழப் பறந்து வரும் ஏவுகணைமீது அதன் கவனம் தளர்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று காவல் காப்பதற்கென்றே 2012 முதல் அகிசுகி வகைக் கப்பல்கள் சேர்க்கப்பட்டன.