விலாசம் கேட்ட தம்பிக்கு

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இந்த ஆலய முன்றலில் பாயிலும் மணலிலுமாக அமர்ந்திருக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது எட்டு நிமிடம். நேரே தலைப்புக்குள் வருகிறேன்.

"நிறைவான வாழ்வைத் தருவது யாழ் நகரமா, நகரைச் சூழ்ந்த ஊர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சூழ்ந்த ஊர்களே என்று சொல்வதற்காக, நகரெல்லைக்கு அப்பால் இருக்கும் எங்கள் திருநெல்வேலியின் சந்தை, பல்கலைக்கழகம், கோண்டாவில் புகையிரத நிலையம் என்று ஒரு தாள் நிறையக் குறிப்பு எழுதி வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி அமருவதற்கு முன் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லாமல் அந்தத் தாளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. "கோண்டாவில்காரரிடம் விலாசம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையார் கோயிலடியில் இறங்கி, வேம்படியால் திரும்பி, பச்சைப் படலை வீட்டில் கேளுங்கோ என்பார்கள். வீட்டுக்கு இலக்கம் இல்லை, ஒழுங்கைக்குப் பெயர் இல்லை, தெருவுக்கு விளக்கு இல்லை. விலாசமே இல்லாதவர்களுக்கு என்ன நிறைவான வாழ்வு?" என்றார். சபை கைதட்டியது. அந்தப் பச்சைப் படலை எங்கள் வீட்டு வாசற் படலை போலவே இருந்ததால் எனக்கு அந்தச் சொல் சுட்டது.

நடுவர் அவர்களே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்து அடைமழை இரவில், ஒன்றரை மணி கடந்திருந்த நேரம், என் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. கணவர் கொழும்பில் வேலையில் இருந்தார். அம்புலன்சுக்கு அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதற் கேள்வி, தம்பி கேட்ட அதே கேள்விதான்: "விலாசம் என்ன?" நான் சொன்னதும் தம்பி சொன்ன அதே பதில்தான்: பிள்ளையார் கோயிலடி, வேம்படி, பச்சைப் படலை. வண்டி புறப்பட்டது, கைத்தொலைபேசி வரைபடம் காட்டிய வழியில் வந்து, எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர் அப்பால் ஒரு மிளகாய்த் தோட்டத்து வரம்பில் முட்டி நின்றது. சாரதி அங்கிருந்து அழைத்து, முன்னாலும் வழியில்லை, பின்னாலும் சேறு என்றார். இதுவரைக்கும் தம்பியின் பக்கமே நியாயம். அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை திரும்பும் முடக்குகள் நான்கு உண்டு. நான் வேலியருகில் நின்று தொலைபேசியில் பதறிக்கொண்டிருந்த குரல் பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கிறது. அங்கிருந்த அண்ணை வேலிக் கதியாலை விலக்கி எட்டிப் பார்த்து, "பிள்ளை, நீ அம்மாவோட இரு. வழியை நாங்கள் பாக்கிறம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த சில நிமிடங்களில் பிரதான வீதி முகப்பில் ஒருவர் ரோச் லைற்றுடன் நின்றார், முதல் முடக்கில் இன்னொருவர், இரண்டாவதில் இன்னொருவர், மூன்றாவதிலும் நான்காவதிலும் ஆட்கள். என் தொலைபேசியை வாங்கிய அண்ணை சாரதியிடம், "தம்பி, எந்த ஒழுங்கை எண்டு கேக்காதேங்கோ. றோட்டுக்கு ஏறி, வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார். வண்டி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது, நடுவர் அவர்களே. ஒரு முடக்கிலும் நிற்காமல் வந்தது.

அந்த வெளிச்சங்களை இந்தச் சபைக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வீதி முகப்பில் நின்றவர் கடைக்கார அண்ணை. கடைக்குள்ளேயே படுப்பவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு வெள்ளத்தில் நின்றார். முதல் முடக்கில் நின்றவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். மறுநாள் காலையில் பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டியவர்கள். இரண்டாவது முடக்கில் நின்றவர் எங்கள் ஒழுங்கைக்கு வாடகைக்கு வந்து பதினொரு நாளே ஆன புதுக் குடித்தனக்காரர். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது, எனக்கும் அவருடைய பெயர் தெரியாது. மூன்றாவதில் தோட்டக்கார ஐயா, ரோச் இல்லாததால் அரிக்கன் லாம்பு ஏற்றி, மழை படாமல் அதன் மேல் உரப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்காவது முடக்கில், எங்கள் படலைக்கு நேரே, எல்லை வேலி விடயமாக எங்களோடு ஐந்து வருடம் பேசாதிருந்த அக்கா நின்றார். ஐந்து வருடம், நடுவர் அவர்களே. அன்றிரவு அவரும் வெளிச்சம் பிடித்தார். காலையில் அம்மாவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் கோப்பியும் கொண்டுவந்தார்.

விலாசம் எது என்று தம்பி கேட்டார். வீதி முகப்பு முதல் என் படலை வரை மழையில் நின்ற அந்த ஐந்து வெளிச்சமும் என் விலாசம். அம்மா இதோ, இந்தச் சபையில் முன்வரிசையில் ஊதா நிறச் சேலையுடன் அமர்ந்திருக்கிறார்.

தம்பி சொன்ன ஏனையவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். நகரத்தில்தான் எல்லாம் இருக்கிறது, நாங்கள் அதன் பின்வளவு என்றார். யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையானது. அந்த எல்லைக் கோட்டுக்கு இப்பால் இருப்பவர்கள் பிரதேச சபைக்காரர் என்பது உண்மை. ஆனால் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அது குடியேறியது திருநெல்வேலியில். நகரம் காலையில் சமைக்கும் கத்தரிக்காயும் வெங்காயமும் கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ச் செம்மண்ணிலிருந்து விடிய முன்னரே சைக்கிளிலும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் சந்தைக்கு ஏறுகின்றன. 1990இல் யுத்தத்தால் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டபோது, கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அதைப் பார்க்க வேலியோரம் நின்ற பிள்ளைகளில் பலருக்கு அதுவே வாழ்க்கையில் கண்ட முதல் ரயில். நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றரில் இருந்துகொண்டு, தோட்டத்தில் இறைப்புச் சத்தம் கேட்டு எழும்பி, எட்டு மணிக்கு ரவுணில் கந்தோருக்குப் போய்விட முடிகிற வாழ்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

குறையும் உண்டு; அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் பார்த்த எங்கள் ஊர்களில் இன்று ஒன்றரைப் பரப்பு, ஒரு பரப்பு என்று துண்டு போட்டு விற்கிறார்கள். சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் நிலம் இது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, மழைநீர் கல்லிடுக்கில் இறங்கித் தங்குவதே எங்கள் குடிநீர். ஒரு வளவின் மலக்குழி அடுத்த வளவின் கிணற்றுக்கு அருகில் வந்துவிட்டால், அந்த நீர் யாருடைய நீர் என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்கு அளவின்றிப் போடும் உரமும் அங்கேதான் இறங்குகிறது. இதைத் திருத்த வேண்டியவர்களும் நாங்களே. நகரத்தவருக்கு இந்தப் பொறுப்பு இல்லை என்று எண்ணவேண்டாம். நிலத்தின் கீழே எல்லைக் கோடு இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள். கிணறு என்று சொன்னபின் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீட்டுக்கு ஒரு பங்குக் கிணறு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தம் நகரை நெருங்க, நகரமும் ஊர்களுமாக இலட்சக்கணக்கானோர் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனபோது, அந்த ஒன்பது வீடும் போயின. நானும் அப்பாவின் சைக்கிள் பாரில் அமர்ந்து போனேன். 1996இல் திரும்பி வந்தபோது எட்டு வீட்டவர்களே வந்தோம். ஒன்பதாவது வீட்டு ஐயா குடும்பத்தோடு வன்னிக்குப் போய், பிறகு கடல் கடந்துவிட்டார். கிணற்றுக்குள் ஓலையும் சருகும் ஓர் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. மூன்று நாள் முறை வைத்து இறைத்தோம். ஒன்பதாவது வீட்டின் முறை வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா எழுந்து போய் அந்த முறையையும் இறைத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆவணியிலும், மழைக்கு முன் கிணறு இறைக்கும் நாளில், அந்த வீட்டின் முறையை எட்டு வீடுகளும் மாறி மாறி இறைத்தன. அப்பா காலமான பிறகு அம்மா தன் பங்குக்குக் கூலி கொடுத்து இறைப்பித்தார்.

யுத்தம் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்த பின், 2010இல் நல்லூர்த் திருவிழாவுக்கு அந்த ஐயா வந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். கூரையில்லாத தன் வீட்டைப் படலையில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் கிணற்றடிக்கு வந்தார். அன்று எங்கள் இறைப்பு நாள். எட்டிப் பார்த்தார், தெளிந்த நீர் தெரிந்தது. அம்மாவிடம் கேட்டார்: "பிள்ளை, என்ரை முறை எத்தினை விட்டுப்போச்சு?"

"நாங்கள் கணக்கு வைக்கேல்லை, அண்ணை" என்றார் அம்மா.

அவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பையன்கள் தடுத்தார்கள், கேட்கவில்லை. கப்பியில் தொங்கிய கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினார்.