மோடத்துக்கு எதற்கு மாத வாடகை? சொந்தமாக வாங்குமுன் கேபிள்காரரிடம் கேளுங்கள்

[திரையில்: ஒரு இன்டர்நெட் பில், அடிப்பகுதி மட்டும் பெரிதாக]

வணக்கம். கருங்கலில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழைச் சத்தம். துலாம் மாதம் அல்லவா, மத்தியானம் தாண்டினால் இடியும் சேர்ந்துகொள்ளும். இடிக்கும் இந்த வீடியோவில் வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன். முதலில் இந்த பில்.

பிளான் தொகைக்குக் கீழே ஒரு வரி இருக்கிறதா? மோடம் வாடகை, 100 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 118. "மாசம் நூறுதானே மக்கா" என்றார் சித்தி. வருடத்துக்கு 1,416 ஆகிறது. பெட்டி இங்கே வந்து நான்கு வருடம். 5,664 ரூபாய் போய்விட்டது, பெட்டி இன்னும் சித்தியுடையது இல்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கலாம். தினமும் கஞ்சி வைக்கிற பானையை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா?

எல்லோரும் வாடகை வாங்குவதில்லை. சிலர் டெபாசிட்டோடு விட்டுவிடுவார்கள். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பெட்டியைச் சும்மா தருகிறவர்களும் உண்டு. உங்கள் பில்லில் அந்த வாடகை இல்லையென்றால் வீடியோவை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இருக்கிறது என்றால், உடனே ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன்.

[திரையில்: மோடத்தின் முன்பக்கம், விளக்குகள்]

பெட்டி வந்தது, பழையதைக் கழற்றினேன், மஞ்சள் வயரை இதில் சொருகினேன். லாஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. ஆகா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் பான் என்று ஒரு பச்சை விளக்கு. அது நிலையாக எரிய வேண்டும். எரியவில்லை, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சித்தி டீ போட்டுக் கொண்டுவந்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டார். அது சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது.

விஷயம் இதுதான். இப்போது நம் பக்கம் கேபிள்காரர் கொண்டுவருகிற நெட் பெரும்பாலும் ஃபைபர். பழக்கத்தில் மோடம் என்கிறோம், பெட்டியின் சரியான பெயர் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ. தெருக் கம்பம் வழியாக வரும் ஒரே கண்ணாடி இழை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. வெளிச்சம் எல்லா வீட்டுக்கும் போகும். ஆனால் வீட்டிலிருந்து திரும்பிப் பேச வேண்டுமானால் முறை வைத்துத்தான் பேச முடியும், ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அந்த டோக்கனைக் கொடுப்பது கேபிள்காரரின் அந்தப் பக்கம் இருக்கும் ஓஎல்டி என்ற பெரிய பெட்டி. பெயர் பதியாதவனுக்கு டோக்கன் கிடையாது. என் பெட்டிக்கு வெளிச்சம் வந்தது, அதனால் சிவப்பு அணைந்தது. டோக்கன் வரவில்லை, அதனால் பச்சை சிமிட்டியது.

பதிவு செய்யச் சொன்னால் போதும் என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. நான் வாங்கியது ஈபான், சித்தி வீட்டு லைன் ஜிபான். இரண்டும் வேறு வேறு பாஷை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆகவே வாங்குமுன் கேபிள்காரருக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணே, நம்ம லைன் ஜிபானா ஈபானா?" தெரியவில்லை என்றால் எக்ஸ்பான் என்று போட்ட பெட்டி இரண்டையும் பேசும். அடுத்து, "வெளியில் வாங்கிய பெட்டியைப் பதிந்து தருவீர்களா?" இதற்கு இல்லை என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது, பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆமாம் என்றால் ஜிபானுக்குப் பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணை அனுப்ப வேண்டும். ஈபானுக்கு அதே ஸ்டிக்கரில் இருக்கும் மேக் எண். பெட்டி நெட்டுக்குள் நுழையக் கேட்கும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண், இவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் லேண்ட்லைன் போனும் ஓடுகிறது என்றால் அந்த செட்டிங்கையும் கேளுங்கள். கேட்காவிட்டால் நெட் வந்துவிடும், போன் ஊமையாகிவிடும். அப்படிப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

[திரையில்: பச்சை முனை, நீல முனை, அருகருகே]

வயரின் முனையைப் பாருங்கள். பச்சை என்றால் நுனி எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் என்றால் நேர். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும்தான். ஆனால் வெளிச்சம் குறையும், நுனியும் கெடும். நுனியை விரலால் தொடவும் வேண்டாம். லைன்மேன் வந்தால் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி வந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று இறங்கினால் எந்தப் பெட்டி வாங்கினாலும் நெட் விட்டுவிட்டுத்தான் வரும். காற்றில் தென்னை மடல் விழுந்து வயர் மடங்கியிருக்கலாம், அதை முதலில் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் பெரும்பாலும் டிவி கேபிள் வழியாகத்தான் நெட், அங்கே சொந்த மோடம் சாதாரணம். சொந்தப் பெட்டி வைத்திருப்பவரிடம் வாடகை வாங்கக் கூடாது என்று 2019-ல் சட்டமே போட்டார்கள். நமக்குக் கையில் இருப்பது கேபிள்காரரோடு உள்ள பழக்கம்தான்.

சரி, இடி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. அதனால் ஃபைபர் பெட்டிக்கு இடி பயமில்லை என்பார்கள். பாதிதான் உண்மை. கரண்டு பிளக் வழியாக வரும், இழையைத் தாங்கும் எஃகுக் கம்பி வழியாகவும் வரலாம். மழை மூட்டம் கண்டதும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். சொந்தப் பெட்டி என்றால் எரிந்தால் செலவு நம்முடையது, அது இந்தக் கணக்கின் மறுபக்கம். ஆனால் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பல நேரம் போயிருப்பது அதுதான். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

சித்தி வீட்டில் இரண்டாவது பெட்டி, எக்ஸ்பான், 2,400 ரூபாய். வாடகையாகப் பார்த்தால் இருபத்தொரு மாதத்துப் பணம். முதல் பெட்டிக்குக் கொடுத்ததை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சித்தியும் கேட்கவில்லை.

பழைய பெட்டியை அடாப்டரோடு திருப்பிக் கொடுங்கள். கொடுத்ததற்கு, சீரியல் எண் போட்டு, ரசீது வாங்குங்கள். அடுத்த மாத பில்லிலும் அந்த 100 ரூபாய் வாடகை வந்தால் ரசீதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதுதான். சித்திக்கு வந்தது. அனுப்பினோம், எடுத்துவிட்டார்கள்.